நான்கு துறை மாணவர்களுக்கு ஒரே வகுப்பு: நிறுத்திவிடலாமா?

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்தும் நீங்கள், மருத்துவம், செவிலியம், பார்மசி, பிசியோதெரபி ஆகிய நான்கு துறைகளின் இறுதியாண்டு மாணவர்களையும் ஒரே அரங்கில் அமர்த்தி, நோயாளிகளின் பாதுகாப்பைப் பற்றி வாரம் ஒரு கூட்டு வகுப்பு நடத்தி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மாணவர்கள் துறைவாரியாகத் தனித்தனி வரிசைகளில் அமர்கிறார்கள், கேள்வி கேட்டால் மருத்துவ மாணவர்கள் மட்டுமே பதில் சொல்கிறார்கள், மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று வருந்தியிருக்கிறீர்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ள ஒரு நோயாளிக்கு, பென்சிலின் வகையையே சேர்ந்த அமாக்சிசிலின் கொடுக்கலாம் என்று அரங்கமே ஒப்புக்கொண்டபோது, அது தவறென்று தெரிந்திருந்தும் உங்கள் மாணவி ஒருவர் வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்த பிறகு உங்களிடம் தனியாக வந்து, "அவர்கள் எல்லோரும் சரி என்று சொல்லும்போது நான் எப்படிப் பேசுவது?" என்று கேட்டிருக்கிறார். கல்லூரி முதல்வரோ, இதனால் பலன் உண்டென்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லையென்றால் நிறுத்திவிடலாமே என்கிறார்.

நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் இப்போது நடக்கும் விதத்தில் தொடரவும் வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மாணவி கேட்ட அந்தக் கேள்விக்குத்தான் இந்த வகுப்பு பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் முதல்வரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பல துறை மாணவர்கள் சேர்ந்து கற்பது புதிய யோசனை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1988-லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2010-ல் வெளியிட்ட செயல்திட்ட வரைவில், இரண்டோ அதற்கு மேற்பட்டோ தொழில்களைச் சேர்ந்த மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும் என்றும், அந்தக் கல்வி கூட்டுப்பணிக்கும் நோயாளியின் நலனுக்கும் வழிவகுக்க வேண்டும் என்றும் தெளிவாக வரையறுத்தது. இந்த வரையறையை உங்கள் வகுப்போடு பொருத்திப் பாருங்கள். அருகருகே அமர்ந்து ஒரே விரிவுரையைக் கேட்பதில் இந்த மூன்றில் ஒன்றுகூட நடப்பதில்லை.

ஆதாரத்தைப் பொறுத்தவரை, முதல்வரிடம் மிகைப்படுத்தாமல் பேசுவதே நல்லது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கடுமையான தகுதி வரம்புகளுக்குள் வந்த 15 ஆய்வுகளைப் பரிசீலித்தது. அவற்றில் 7 ஆய்வுகள் நல்ல பலனைக் காட்டின, 4 ஆய்வுகளில் முடிவுகள் கலவையாக இருந்தன, மீதி 4 ஆய்வுகளில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. பலன் கட்டாயம் வரும் என்று இதை வைத்து யாரும் உறுதி கூற முடியாது. பலனே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. எந்த முறையில் நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது என்பது என் அனுபவத்திலும் தெரிந்தது.

இதற்கு அறுவை சிகிச்சை அரங்கிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறிமுகப்படுத்திய அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பும், தோலில் கத்தி வைப்பதற்கு முன்பும், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுவதற்கு முன்பும் குழுவினர் அனைவரும் ஒரு நிமிடம் நின்று, உரக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டிய 19 அம்சங்களைக் கொண்டது. அவரவர் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதும் அவற்றில் ஒன்று. எட்டு நகரங்களில் அதைச் சோதித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. அதே பட்டியலைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கொண்டுவந்தபோது, 101 மருத்துவமனைகளின் விவரங்களை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. இரண்டு இடங்களிலும் காகிதம் ஒன்றுதான். ஒன்டாரியோவில் பலன் தெரியாமல் போனதற்கு என்ன காரணம் என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பட்டியலை நிரப்பிவிட்டோம் என்ற கணக்கு மட்டும் மிஞ்சி, குழுவினர் ஒருவரோடு ஒருவர் பேசும் பழக்கம் வராமல் போனால் எந்தப் பட்டியலும் நோயாளியைக் காப்பாற்றாது என்றே நான் கருதுகிறேன். கூட்டு வகுப்புக்கும் இது அப்படியே பொருந்தும்.

உங்கள் அரங்கில் மாணவர்கள் பிரிந்து அமர்வதற்கு அவர்களுடைய மனப்பான்மையை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. சமூக உளவியல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட், வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதாலேயே தப்பெண்ணம் குறைந்துவிடாது என்று 1954-லேயே விளக்கினார். சந்திக்கும் அந்த இடத்திலாவது அவர்கள் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஓர் இலக்கு இருக்க வேண்டும், அதை அடைய ஒருவருக்கொருவர் உதவியே தீர வேண்டும் என்ற நிலை வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வெளிப்படையாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் இல்லாத சந்திப்பு பழைய எண்ணங்களை இன்னும் கெட்டிப்படுத்தவும் கூடும். உங்கள் வகுப்பில் கேள்விகள் பெரும்பாலும் நோயைக் கண்டறிவதைப் பற்றியும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் இருப்பதாகக் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அது ஒரு துறை மட்டும் ஜெயிக்கும்படி அமைந்த ஆட்டம். மற்ற மூன்று துறையினரும் பார்வையாளர்களாகிவிட்டதில் வியப்பில்லை.

இனி உங்கள் மாணவியின் மௌனத்துக்கு வருகிறேன். 2005 மார்ச் மாதம், இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண்மணி, திட்டமிட்ட ஒரு சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சைக்காக அழைத்துச் செல்லப்பட்டார். மயக்க மருந்து கொடுத்த பின் மூச்சுக்குழாயில் டியூப் செலுத்த முடியவில்லை, முகமூடி வழியாகவும் ஆக்சிஜன் போகவில்லை. அனுபவம் மிக்க மருத்துவர்கள் மூவர் மீண்டும் மீண்டும் டியூப் செலுத்தவே முயன்றுகொண்டிருந்தார்கள். அந்த நிலையில் செய்ய வேண்டியது கழுத்தின் முன்புறம் துளையிட்டு மூச்சுக்கு வழி ஏற்படுத்துவது. ஒரு செவிலியர் அதற்கான கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கின்றன என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி ஒரு படுக்கையை ஏற்பாடு செய்தார். தான் அளவுக்கு மீறிப் பதறுவதாக மருத்துவர்கள் நினைக்கிறார்கள் என்று தோன்றியதும் அவர் அந்தப் படுக்கையை ரத்து செய்துவிட்டார். எலைன் 13 நாட்களுக்குப் பிறகு இறந்துபோனார். என்ன செய்ய வேண்டும் என்பது தங்களுக்குத் தெரிந்திருந்தது, அதை எப்படி எடுத்துச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்று பின்னர் அந்தச் செவிலியர்களில் இருவர் சொன்னதாக, எலைனின் கணவரும் விமானியுமான மார்ட்டின் புரோமிலி பல மேடைகளில் எடுத்துச் சொல்லி வருகிறார். மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராயும் குழு ஒன்றை அவர் 2007-ல் நிறுவினார்.

அந்த அறையில் அறிவுக்கும் திறமைக்கும் அக்கறைக்கும் குறைவே இல்லை. செவிலியர்கள் பேசவில்லை என்று பலரும் இந்நிகழ்ச்சியைச் சுருக்கிச் சொல்கிறார்கள். அது சரியல்ல. அவர்கள் பேசினார்கள், அந்தப் பேச்சு போய்ச் சேரவில்லை. அதனால்தான் கூட்டுக் கல்வியில் நாம் பெரிதும் கோட்டைவிடும் இடம், பேசக் கற்றுக்கொடுப்பதைவிடக் கேட்கக் கற்றுக்கொடுப்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழ்நிலையில் இருப்பவரிடம் தைரியமாகப் பேசு என்று சொல்லிவிட்டு, மேல்நிலையில் இருப்பவரிடம் எதையும் எதிர்பார்க்காமல் விடுவது நியாயமும் ஆகாது, பயனும் தராது. உங்கள் மாணவியிடம் ஏன் பேசவில்லை என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் பேசியிருந்தால் அந்த அரங்கில் என்ன நடந்திருக்கும் என்பதை உங்களோடு பாடம் நடத்தும் மருத்துவத் துறை ஆசிரியரும் நீங்களும் உட்கார்ந்து யோசியுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். விரிவுரையை விட்டுவிட்டு, எந்தத் துறையும் தனியாகத் தீர்க்க முடியாத ஒரு நோயாளியை மாணவர்களிடம் கொடுங்கள். நான் பயன்படுத்துவது போன்ற ஒரு பயிற்சியை இங்கே விவரிக்கிறேன். துறைக்கு இருவராக எட்டுப் பேர் கொண்ட சிறு குழு. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த 66 வயது நோயாளி, இன்று நான்காம் நாள். ஒவ்வொரு துறையினருக்கும் தனித்தனித் தாள். மருத்துவ மாணவர்களின் தாளில், காலை 7 மணி ரவுண்ட்ஸில் இரத்த அழுத்தம் நாள்தோறும் 170/100-க்குக் குறையாமல் இருக்கிறது, மருந்தின் அளவைக் கூட்டலாமா என்பது கேள்வி. செவிலிய மாணவர்களின் தாளில், நோயாளிக்குத் தண்ணீர் விழுங்கினாலே புரையேறுகிறது, ஆகவே 8 மணிக்குரிய மாத்திரைகளைப் பொடித்து நீரில் கலந்து மூக்குவழிக் குழாயில் கொடுக்கிறார்கள். பிசியோதெரபி மாணவர்களின் தாளில், 10 மணிக்கு எழுப்பி உட்காரவைத்தால் முகம் வெளிறித் தலைசுற்றி இரண்டு முறை சாயப்போனார், எனவே பயிற்சி நிறுத்தப்பட்டது. பார்மசி மாணவர்களின் தாளில் மருந்துகளின் பட்டியல் மட்டும் இருக்கிறது. அதில் ஒன்று, நாள் முழுவதும் மெதுவாகக் கரைந்து செயல்படும்படி தயாரிக்கப்பட்ட இரத்த அழுத்த மாத்திரை.

அத்தகைய மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாளுக்குரிய மருந்து சிறிது நேரத்திலேயே உடலில் சேர்ந்துவிடுகிறது. பத்து மணிக்கு அழுத்தம் சரிகிறது, மறுநாள் காலைக்குள் மருந்தின் வேகம் தீர்ந்து அழுத்தம் மீண்டும் ஏறிவிடுகிறது. ஏழு மணிக்கு மட்டும் பார்க்கும் மருத்துவர் அளவைக் கூட்டுகிறார், மறுநாள் பத்து மணிக்கு நிலைமை இன்னும் மோசமாகிறது. பக்கவாதம் வந்த மூளைக்கு இரத்த அழுத்தம் திடீரெனச் சரிவது பெரிய ஆபத்து. மாத்திரையைப் பொடித்தது செவிலியருக்குத் தெரியும், பொடிக்கக் கூடாது என்பது மருந்தாளுநருக்குத் தெரியும், அதன் விளைவு பிசியோதெரபிஸ்டின் கண்ணில்தான் படுகிறது, மருந்தை மாற்றும் அதிகாரம் மருத்துவரிடம் இருக்கிறது. நால்வரும் தங்கள் தாளை மேசையில் வைக்காதவரை விடை கிடைக்காது. விடை தெரியவரும்போது மாணவர்களின் முகத்தில் தோன்றும் மாற்றத்தைப் பார்த்தால், எந்த விரிவுரையாலும் இதைச் சாதிக்க முடியாது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

இந்தப் பயிற்சியில் இரண்டு விதிகளை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். ஒன்று, மருத்துவ மாணவர்கள் கடைசியில் பேச வேண்டும். மற்றது, யாராவது ஒரு சந்தேகத்தையோ எச்சரிக்கையையோ சொன்னால், அதைக் கேட்டவர் முதலில் தான் கேட்டதைத் தன் வார்த்தைகளில் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொல்ல வேண்டும், அதன் பிறகே மறுப்போ உடன்பாடோ. இதற்கு மதிப்பெண் கொடுங்கள். எச்சரித்தவருக்குக் கொடுப்பதைவிட ஒரு மதிப்பெண் கூடுதலாகவே கொடுக்கலாம் என்பேன்.

பேசுகிறவருக்கும் வழக்கமான சொற்கள் சில கைவசம் இருந்தால் தயக்கம் குறையும். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் சுருக்கமாகச் சொல்லும் எஸ்பிஏஆர் முறை அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் தோன்றி மருத்துவத்துக்கு வந்தது. உங்கள் செவிலிய மாணவர்கள் அதை ஏற்கெனவே படித்திருப்பார்கள், மற்ற துறையினருக்கும் கற்றுக்கொடுங்கள். நான்காவது பகுதியான பரிந்துரையைச் சொல்லத்தான் செவிலிய மாணவர்கள் அதிகம் தயங்குகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன், அங்கேதான் பயிற்சி கூடுதலாக வேண்டும். முதல் முறை சொன்னது எடுபடவில்லை என்றால் குரலைப் படிப்படியாக உறுதியாக்கும் முறையும் உண்டு. "எனக்கு இதில் கவலை இருக்கிறது" என்பது முதல் படி. "இதை இப்படியே விட எனக்கு மனம் ஒப்பவில்லை" என்பது அடுத்தது. "இது நோயாளியின் பாதுகாப்பைப் பற்றியது, தயவுசெய்து சற்று நிறுத்துங்கள்" என்பது மூன்றாவது. 2006-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் பயிற்சித் திட்டம் இம்முறையைப் பரப்பியது. மூன்றாவது படியைக் கேட்டவுடன் கையில் இருக்கும் வேலையை எல்லோரும் நிறுத்த வேண்டும் என்ற உடன்பாடு முன்கூட்டியே இருந்தால்தான் அந்தச் சொற்களுக்கு வலு உண்டு.

இன்னொன்றையும் பயிற்சியில் சேர்க்கும்படி வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். எச்சரிக்கை தவறாகிப்போகும் ஒரு சூழ்நிலையையும் நடித்துப் பாருங்கள். செவிலிய மாணவி ஒருவர் மருந்தின் அளவு தவறென்று கருதி நிறுத்தச் சொல்கிறார், பார்த்தால் அளவு சரியாகவே இருக்கிறது. அப்போது மருத்துவ மாணவர் என்ன சொல்கிறார் என்பதே அந்த மாணவி அடுத்த முறை பேசுவாரா என்பதைத் தீர்மானிக்கும். "சரிபார்த்துவிட்டேன், இந்த நோயாளியின் எடைக்கு இந்த அளவு சரிதான், நிறுத்திக் கேட்டதற்கு நன்றி" என்று ஒருவரியில் மனம் நோகாமல் முடிக்க முடியும். சிறு சிரிப்பு ஒன்றில் எல்லாவற்றையும் கெடுத்துவிடவும் முடியும். சரியான எச்சரிக்கைக்கு நன்றி சொல்ல யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழுவையும் இரு வேறு துறைகளைச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்த வேண்டும், அவர்கள் மாணவர்களின் கண்முன்னே ஒருவரிடம் ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், கருத்து வேறுபட்டால் மரியாதையோடு அதைப் பேசித் தீர்க்கவும் வேண்டும். வகுப்பில் சமத்துவத்தைப் பற்றிப் பேசிவிட்டு, மறுநாள் வார்டில் செவிலியர் சொல்வதைக் காதில் வாங்காமல் ஒரு பேராசிரியர் கேஸ் ஷீட்டைப் புரட்டினால், மாணவர்கள் எதைப் பாடமாக எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். இடமும் அனுமதியும் கிடைத்தால் பிற்காலத்தில் வார்டுக்கே செல்லுங்கள். 1986-லேயே கூட்டுக் கல்வியைத் தொடங்கிய ஸ்வீடனின் லின்ஷேப்பிங் பல்கலைக்கழகம், 1996 முதல் பல துறை மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் சேர்ந்து நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி வார்டை நடத்தியது. ஆனால் அது உங்களுக்கு முதல் படி அல்ல.

கால அட்டவணையும் மதிப்பெண்ணும் நான்கு துறைக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு துறைக்குக் கட்டாயம், மற்றொன்றுக்கு விருப்பம் என்றிருந்தால் இந்த முயற்சி ஒரு பருவம்கூடத் தாங்காது.

முதல்வரிடம் எதை அளந்து காட்டுவது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒரு கல்லூரி வகுப்பால் இறப்பு விகிதம் குறைந்தது என்று யாரும் காட்ட முடியாது, அப்படி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மாதிரியான பயிற்சிச் சூழ்நிலையில் ஒரு பிழையை ஒளித்துவைத்து, அதைக் கவனித்தவர்களில் எத்தனை பேர் வாய்விட்டுச் சொன்னார்கள், கவனித்ததற்கும் சொன்னதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது, சொன்னவற்றில் எத்தனை திருப்பிச் சொல்லி உறுதிசெய்யப்பட்டன என்று பதிவுசெய்யலாம். வார்டுப் பயிற்சியில் மாணவர்கள் தெரிவிக்கும் பிழைகளின் எண்ணிக்கை கூடினால் அவர் பதற வேண்டியதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே பயமின்றிச் சொல்ல முடிந்தது என்பதே அதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். குழுவில் மனத்தடையின்றிப் பேசும் பாதுகாப்பு உணர்வைப் பற்றி அவர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு அதன் தொடர்ச்சியே.

இப்போதைக்கு அரங்கு முழுவதையும் மாற்ற முயல வேண்டாம். ஒரே ஒரு பருவத்துக்கு இரண்டு குழுக்களை மட்டும் இந்த முறையில் நடத்த முதல்வரிடம் அனுமதி கேளுங்கள். மருத்துவத் துறையில் உங்களோடு சேர்ந்து நிற்க முன்வரும் ஓர் ஆசிரியரை முதலில் கண்டுபிடியுங்கள், அவர் மூத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. நோயாளிகளைப் பற்றிய தாள்களை நான்கு துறை ஆசிரியர்களும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளையும் தனியாகப் படித்துப் பாருங்கள். ஒரே ஒரு துறையின் தாளை மட்டும் வைத்துக்கொண்டு விடையைச் சொல்லிவிட முடிகிறதென்றால், அந்தக் கேஸைக் கலைத்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசனைப் பகுதி மருத்துவர்